ஒரு தோட்டத்தில் பிழைத்த வெங்காயம், மறு தோட்டத்தில் அழுகியது

முருகனை நம்பியிருக்கும் உறவுகளுக்கு, யாருமில்லாமல் நின்ற எனக்கு அவன் வழிகாட்டியதைச் சொல்ல வேண்டும்.

வெங்காய அழுகல் நோய்க்கு ஒரு புதிய மருந்துச் சேர்வையைப் பரிசோதிப்பது என் ஆய்வு. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு முறையும் நோயை நிறுத்தியது. போன மாசியில் கோப்பாயில் ஆறு தோட்டங்களில் தெளித்தேன். மூன்றில் வெங்காயம் பிழைத்தது. மூன்றில் அழுகியது. அதே மருந்து, அதே அளவு. வைகாசியில் திரும்பவும் தெளித்தேன். முன்பு பிழைத்த ஒரு தோட்டமும் அம்முறை அழுகியது.

என்னோடு வேலை செய்த தோழி கனடா போய்விட்டாள். அம்மா இறந்து ஒரு வருடம். உரும்பிராயில் வாடகை அறை. யாரோடும் ஒரு சொல் கதைக்காத நாட்கள் பல.

தோட்டக்காரர் செல்லையா அண்ணை அழுகிய பாத்தியில் குந்தியிருந்தார்.

"பிள்ளை, உன்னை நம்பித்தானே வேறை மருந்து அடிக்காமல் விட்டனான்."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அழுகிய தோட்டங்களை அறிக்கையில் எழுதாமல் விட்டால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? அந்த நினைப்பே என்னைப் பயமுறுத்தியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். "முருகா, என்னைப் பொய் எழுத விடாதே. காரணத்தைக் காட்டு" என்று அழுதேன்.

வெளியே வந்தபோது, அன்னதானத்துக்குச் சமைக்கும் அக்கா ஒருவர் வாளியோடு எதிரே வந்தார். என் கண்களைப் பார்த்தார்.

"ஒரு கை பிடியும் தங்கச்சி. பக்கத்து வளவுக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வருவம்."

"இஞ்சையும் கிணறு இருக்குத்தானே அக்கா?"

"ஓம், ஆனா இந்தத் தண்ணியிலை பருப்பு அவியாது. வெயில் காலத்திலை இன்னும் மோசம்."

அப்படியே நின்றுவிட்டேன். ஆய்வுகூடத்தில் நான் கலந்தது காய்ச்சி வடித்த நீரில். தோட்டங்களில் கலந்தது அந்தந்தக் கிணற்று நீரில்!

ஆறு கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் சேர்வை வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்தது. செல்லையா அண்ணையும் மற்றத் தோட்டக்காரரும் மறுபடியும் பாத்தி தந்தார்கள். சுண்ணாம்பு குறைந்த நல்ல நீரில் கலந்து அடித்தபோது ஐந்து தோட்டங்கள் பிழைத்தன. ஆறாவது ஏன் அழுகியது என்று இன்னும் தெரியாது. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

இன்றும் அறைக்குத் தனியாகத்தான் திரும்புகிறேன். ஆனால் வெள்ளிதோறும் அந்த அக்காவோடு இருந்து மரக்கறி வெட்டுகிறேன். தனிமையில் இதை வாசிப்பவரே, உங்கள் சங்கடத்தை முருகனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எதிரே வருபவர் கதைப்பதையும் கொஞ்சம் நின்று கேளுங்கள். அவன் யார் வாயால் பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது.