கலியாணப் பாயில் ஓட்டை

பிள்ளைகளே, உங்கள் உம்மா பழைய கலியாண அழைப்பிதழ்களை வெட்டி ஒட்டிப் படம் செய்கிறவர். ஊரில் கலியாணம் முடிந்தால் மிஞ்சிய அழைப்பிதழெல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அறபில் பிஸ்மி அச்சடித்திருக்கும். அதை முதலில் வெட்டியெடுத்து ஒரு தகரப் பேணியில் போடுவார். பேணி நிறைந்தால் நான் கொண்டுபோய்க் கடலில் விடுவேன். அல்லாஹ்வின் பெயர் காலடியில் கிடக்கக் கூடாது அல்லவா?

ஒலுவிலில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக அவர் அந்தக் காலத்துக் கலியாண வீடு ஒன்றைப் படமாகச் செய்தார். பெண்கள் கூடிநின்று குரவை விடுகிறார்கள். முகங்களை வெறுமையாக விட்டிருந்தாலும் கை வாயருகே இருப்பதில் அது விளங்கும். நடுவில் மணப்பெண் வந்து குந்த விரித்த பாய். நோன்புக்கு முன் தொடங்கிய வேலை, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தும் இழுத்தது.

படத்தை ஏற்ற வாகனம் வருவதற்கு முதல் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, உங்களில் மூத்தவள் குனிந்து பார்த்தாள்.

"உம்மா, பாயில பிஸ்மி இரிக்கி."

பொன்னிறத் தாளில் பொன் எழுத்து. தலைகீழாக ஒட்டியிருந்தது.

"பொண்ணு கைகால் கழுவி ஒழுவோட இருந்தாச் சரிதானே?" என்றான் சின்னவன்.

"மேல இன்னொரு துண்ட ஒட்டிவிடு புள்ள. ஆருக்கு விளங்கும்?" என்றேன் உங்கள் உம்மாவிடம்.

"மூடினா இல்லாமப் போகுமா? பாய்க்குக் கீழ கிடக்கும். அவ்வளவுதான்."

ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி உரித்தார். பசை விடவில்லை. அடித்தாளும் சேர்ந்து வந்தது. பாயின் நடுவே உள்ளங்கையளவு ஓட்டை. புதிதாக ஒட்டக் கத்தரிக்கோலை எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார்.

"போறதெண்டா இப்படியே போகட்டும்."

கண்காட்சியில் சம்மாந்துறை ஆசிரியை ஒருவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"பொண்ணு குந்த இடம் விட்டிருக்கீங்க போல. நல்ல யோசினை."

நான் உங்கள் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்றிருந்தால் பாராட்டோடு முடிந்திருக்கும்.

"இல்ல லாத்தா. பிஸ்மியைக் கவனிக்காம ஒட்டிட்டன். கிழிச்செடுத்த இடம் அது."

ஆசிரியை அந்த ஓட்டையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கிழிக்கத்தான் வேணும்" என்றார்.