காப்பு கட்டியபின் வந்த நடுக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அம்மன் விஷயம் கலந்திருக்கிறது. ஒரு வார்த்தை தவறினால் அபச்சாரமாகிவிடுமோ என்ற பயம். என் படிப்பும் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த சமயம். அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன், தூக்கமே போய்விட்டது. பக்கத்து டவுன் காப்பாரில் ஒரு கிளினிக்கில் தூக்கத்துக்குச் சின்ன மாத்திரை கொடுத்தார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் தேறி மறுபடியும் லோரி ஓட்டப் போய்விட்டார். என்னால்தான் மாத்திரையை விட முடியவில்லை. ஒன்று ரெண்டானது. "இனி தரமாட்டேன், மெதுவா குறைக்கலாம், வாங்க" என்றார் டாக்டர். நான் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு என்று சொல்லிக் கொமுட்டர் ரயில் ஏறி, அங்கே வேறு கிளினிக்குகளில் வாங்கிவந்தேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று கோயிலுக்கும் போவேன்.

அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்துபோவேன். மகள் காலையில் சொன்னது மத்தியானம் நினைவிருக்காது.

அந்த ஆடியில் எங்கள் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். வேண்டுதல் ஒன்றுதான்: இந்த மாத்திரையிலிருந்து என்னை மீட்டுவிடு தாயே. காப்பு கட்டிய அன்றே, கவுச்சியை விட்டதுபோல மாத்திரையையும் அடியோடு விட்டேன். விரதக்காரி வாயில் அது படலாமா? மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ரெண்டு நாளில் கைகால் உதறியது. வேர்த்துக் கொட்டியது. கரண்டி விழுந்த சத்தம்கூட மண்டைக்குள் இடித்தது. ஆத்தா சோதிக்கிறாள், தாங்கிக்கொள்வோம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பூஜையில் உடுக்கை அடித்தார்கள். என் உடம்பு மொத்தமும் ஆடியது, பல் கிட்டியது. பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: "அருள் வந்துருச்சு! வழி விடுங்க!" கொண்டையை அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். என் வீட்டுக்காரரே காலில் விழுந்தார்.

"தாயே, எம்மவன் எப்ப வீட்டுக்கு வருவான்?" என்று அக்கா அழுதார்.

"அப்படியே லாட்டரிக்கு நாலு நம்பர் கேளுங்கக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சும்மா இருலா, சாமி காதுல விழும்!"

எனக்கு எல்லாம் கேட்டது. நானும் நம்பினேன். வந்துவிட்டாள், கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷம் பட்டதில்லை. அதன்பிறகு எதுவும் ஞாபகமில்லை.

வலிப்பு. நாக்கைக் கடித்து ரத்தம் வழிய விழுந்திருக்கிறேன். அதற்கும் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். மகள்தான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஊசி குத்த இடம் தேடிய நர்ஸ் மிஸ்ஸி, "சாரி ஆன்டி" என்று சொல்லிக் காப்புக் கயிற்றைக் கத்தரித்தாள். டாக்டர் விசாரித்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத திடீர்னு நிறுத்தக்கூடாது ஆன்டி. உயிரே போயிருக்கும்" என்றார் அந்தப் பெண் டாக்டர். அதே மாத்திரையை மறுபடியும் கொடுத்தார். என் வேண்டுதலை நானே தண்ணீர் விட்டு விழுங்கினேன்.

பால்குடம் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னபடி துளித்துளியாகக் குறைக்கிறேன். குறைத்தால் நடுங்குகிறது, பழைய அளவுக்கே போய்விடுகிறேன். இந்த ஜென்மத்தில் முடியும் என்று தோன்றவில்லை. விளக்கேற்றும்போது கை ஆடினால் அந்தச் சந்தோஷம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவள் வந்தாளா, வரவே இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கும்பிடுகிறேன், அவ்வளவுதான்.

ஆனால் ஊரில் கதை வேறாகப் பரவியிருக்கிறது. போன மாதம் ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். "நீங்க மாத்திரைய விட்டதும் ஆத்தா எறங்குனாளாமே ஆன்டி. நானும் காப்பு கட்டிட்டேன். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்." தேத்தண்ணி கிளாஸ் அவள் கையில் தளும்பியது. நடந்ததைச் சொன்னேன். இப்போதே கிளினிக் போவோம் என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

"ஒங்க விரதத்துல என்னா கொறையோ ஆன்டி" என்றாள். வந்த மோட்டார் பைக்கிலேயே போய்விட்டாள். என்ன ஆனாளோ, தெரியாது.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் படித்தவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுங்கள், நான் எழுதியபடியே. சாமி வந்தது என்று கூட்டிச் சொல்லாதீர்கள், பைத்தியம் என்றும் மாற்றாதீர்கள். வலிப்பு வந்ததையும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஜெஞ்சாரோம் பக்கம் கட்டாயம் கொடுங்கள்.