எண்ணெய் வடிகட்டியில் கண்ட தூள்

எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கடலைக்கொல்லைகளைக் கம்பளிப்புழு மொட்டையடித்தபோது, மருந்து தெளிக்க ஒரு ஹெலிகாப்டர் வந்தது. படப்பைக்கு வெளியே, என் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மைதானத்தில் அதை நிறுத்துவார்கள். நான் அதன் மெக்கானிக். எனக்கு மேலே ஒரு இன்ஜினியர். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர்.

ஒருநாள் காலை எண்ணெய் வடிகட்டியைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று உலோகத் தூள். இன்ஜினுக்குள் ஏதோ தேய்ந்து உதிர்கிறது. மருந்தடிக்கும்போது அந்த எந்திரம் பாதிப் பனை உயரத்தில்தான் பறக்கும். அங்கே இன்ஜின் நின்றால் சமாளித்து இறக்க உயரமே இருக்காது.

இன்ஜினியரிடம் காட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னிக்கு இத்த எடுக்க வுட மாட்டேன். நீ வூட்டுக்குப் போய் சாப்ட்டு வா," என்றார்.

நம்பிப் போனேன். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது ஹெலிகாப்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கை கழுவாமலே ஓடினேன். நான் கடலைக்கொல்லையை எட்டுவதற்குள் இன்ஜின் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது. இறக்கை மட்டும் சுற்றுகிற ஓசை. பிறகு தரை அதிர்ந்தது.

பைலட்டை மருந்து நாற்றத்துக்குள்ளிருந்து இழுத்து வெளியே போட்டோம். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் இன்ஜினியர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவன்தான் சார் செக் பண்ணான். எல்லாம் சரியா கீதுன்னு சொன்னான்."

நடந்ததைச் சொன்னேன். வடிகட்டியை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். நான் கழற்றி வைத்த இடத்தில் அது இல்லை. எந்திரத்தில் புதிய வடிகட்டி இருந்தது. அதற்குமேல் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பைலட் திருநெல்வேலிக்காரர். ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினார். கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அன்று காலை அவர் எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்ஜினியரிடம் சொன்னதே போதும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் என் வேலை போயிற்று. வாலாஜாபாத்தில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். வண்டியில் என்ன குறை இருந்தாலும் டிரைவரிடம் நேரிலேயே சொல்லிவிடுவேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவர் முறைக்க முறைக்கத்தான் சொன்னேன்.