மில்லிகிராமும் மூன்று வெடைக்கோழிகளும்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசத்தைக் காதில் மாட்டி, கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் அவர் கோழிக்கூண்டின் தாழ்ப்பாளைத் தொடுவார். பார்க்கிறவர்கள் உள்ளே ஏதோ அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவை மூன்று வெடைக்கோழிகள். இன்னும் முட்டையிட ஆரம்பிக்காதவை. அவற்றுக்கு இவரைக் கண்டு பயமில்லை. இவருக்குத்தான் அவற்றைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கிறது.

கடைத்தெருவில் முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு 'மில்லிகிராம்' என்று பெயர். இருமல் மருந்து கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஏறினாலும் திரும்ப ஊற்றச் சொல்லுகிற மனிதர். கோழித் தீவனத்தையும் கடைத் தராசில் நிறுத்து, மாத்திரை உறையில் போட்டு, மேலே 'காலை 1, மாலை 1' என்று எழுதி வைத்திருக்கிறார். கோழிகள் ஒரு நிமிடத்தில் உறையைக் காலி செய்துவிட்டு அவர் முகத்தையே பார்க்கும். "அளவுக்கு மேல கேக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சாயங்கால உறையையும் அப்போதே பிரித்துவிடுவார்.

இந்த வயதில் இந்தப் பாடு மனைவிக்காகத்தான். கல்யாணமான புதிதிலிருந்தே அவள், "பின்பக்கம் இவ்வளவு இடம் சும்மாத்தானே கெடக்கு, நாலு கோழி வளக்கலாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மருந்து விக்கிறவன் வீட்டுல கோழி எச்சமா? நல்லா இருக்கு!" என்று இவர் பேச்சை வெட்டிவிடுவார். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த வருடம் நிறுத்தினாள் என்றுகூட இவருக்கு நினைவில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று விமானம் ஏறினாள். பதினான்கு மாதம் ஓடிவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள். குழந்தை பாட்டியின் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. ஞாயிறுதோறும் போனில், "இன்னும் கொஞ்ச நாள்ங்க" என்பாள். இவர், "ஆகட்டும்" என்பார். வந்துவிடு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை, கோழி வாங்கினார். முதல் முட்டை கைக்கு வந்த பிறகு விஷயத்தைச் சொன்னால் அவள் அங்கே ஒரு வாரம்கூடத் தங்கமாட்டாள் என்று ஒரு நினைப்பு. சின்னப்பிள்ளைத்தனம்தான், அது அவருக்கும் தெரியும்.

வாங்கிய இரண்டாவது வாரம், ஒரு மதியம், சிவப்புக் கோழி மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு காலை உதைத்தது, இறக்கையைப் படபடவென்று அடித்தது. வலிப்பு என்று முடிவு கட்டிவிட்டார். வெந்நீரில் துடைத்து, துண்டில் இறுக்கிச் சுற்றி, மடியில் போட்டுக்கொண்டு, கோழி விற்ற அம்மாளைப் போனில் அழைத்தார். "உடனே வாங்க, வாயைத் தொறந்து மூச்சு வாங்குது!"

வந்தவள் துண்டைப் பிரித்துப் பார்த்தாள். "என்ன சார் இது? அது குளிச்சிட்டு இருந்திருக்கு."

"மண்ணுலயா?"

"மண்ணுலதான். பேன் போறதுக்கு அதுங்க அப்படித்தான் குளிக்கும். பாதிக் குளியல்ல தூக்கிட்டு வந்து பொட்டலம் கட்டி வச்சா மூச்சு வாங்காம என்ன செய்யும்?"

கீழே விட்டதும் கோழி நேராக மண்ணுக்குப் போய் மிச்சக் குளியலை முடித்தது. மறுநாளே தெரு முழுக்க இதே பேச்சு. அவருக்கு அதில் வருத்தமில்லை. தெருவே சிரித்தும், சிரிக்க வேண்டியவள் இங்கே இல்லையே என்றுதான் ஏக்கமாக இருந்தது. கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த ஞாயிறு வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "அங்க மழையா?" என்று கேட்டு வைத்தார்.

பிறகு ஒரு ஞாயிறு மஞ்சள் கோழி வைக்கோல் பெட்டியைவிட்டு நகரவில்லை. இவரும் கூண்டைவிட்டு நகரவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கோழி பெட்டியிலிருந்து குதித்து இறங்கி ஊரைக் கூட்டுகிற மாதிரி கொக்கரித்தது.

"அது என்ன சத்தம்? கோழியா? யார் வீட்டுது?"

"நம்ம வீட்டுது." பொய் சொல்ல அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. "மூணு இருக்கு."

குழந்தையை இறக்கிவிட்டாள் போலிருக்கிறது, மழலை தள்ளிக் கேட்டது. பிறகு, "நீங்களா வளக்குறீங்க?" என்றாள்.

"நாந்தான்."

"எத்தன வருஷம் கேட்டேன் உங்கள..."

"தெரியும்மா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கொஞ்சம் கிட்டக் கொண்டுபோங்க. கேக்கணும் போல இருக்கு."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனைக் கம்பி வலையோடு ஒட்டிப் பிடித்தார். கோழி கத்தி ஓய்ந்து, மெல்ல முனகிக்கொண்டு தரையைக் கிளறியது. வைக்கோலில் முதல் முட்டை கிடந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு இருக்கிறதா, போய்விட்டதா? காதில் வைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நீ வந்துடும்மா" என்றார், கோழியிடம் சொல்வதுபோல் கூண்டைப் பார்த்துக்கொண்டே.

கை கடுத்தது. போனை வலையைவிட்டு எடுக்காமல், மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.