வெட்டவெளியே போதும் என்றேன்

அன்று சிங்கப்பூரில் ஒரு துப்பாக்கி சுடுதளத்தின் முகப்பில் நின்றது மூன்று பேர்: நான், என் மகன், கட்டணம் வாங்கிய ஊழியர் அக்கா. மறுநாள் மகன் வேலைக்காகக் கனடா போகிறான். "போறதுக்குள்ள ஒரு தடவ சேர்ந்து சுடுவோம்பா" என்று அழைத்து வந்திருந்தான். உள்ளரங்கில் ஆளுக்கு அறுபது வெள்ளி, வெட்டவெளியில் நாற்பது. எதற்கும் பயந்து கணக்குப் பார்க்கிற நான், வெட்டவெளியே போதும் என்றேன். அவனே கட்டினான், என் பங்கைப் பிறகு தருவதாகச் சொன்னேன்.

துப்பாக்கியைத் தொடுமுன்பே மின்னல் எச்சரிக்கை அலறியது. வெளித்தளத்தை மூடிவிட்டார்கள். உள்ளரங்கிலோ இடமில்லை.

"காசு எங்கயும் போகாது லா அங்கிள், இன்னொரு நாள் ரெண்டு பேரும் வாங்க" என்றார் அக்கா.

அவன் போன பிறகு, தேக்கா சந்தையில் தனியாகக் காய் வாங்கும்போது வானம் இடித்தால், அந்த இருபது வெள்ளி மிச்சம் நெஞ்சை அறுக்கிறது. என் பங்கை அவன் கேட்பதில்லை, நானும் அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த நாள் முடிந்துபோகுமே என்று பயம். இன்னும் பாக்கி நாற்பது வெள்ளி.