ஈரல் வண்டியின் மேல் யார் கை

பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருஷம் பருப்பு கிளறிய இன்ஷிராஹ், நாற்பத்தேழாவது வயதில் ஒரு பழைய வேனை வாங்கினாள். மஞ்சள் பெயிண்ட் அடித்து, உள்ளே அடுப்பு வைத்து, அலெக்சாந்திரியாவின் கடற்கரைச் சாலையில் ஈரல் சாண்ட்விச் விற்பதாகத் திட்டம். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. புருஷன் ஷவ்கியிடம் மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தானே!

"ஈரல் விக்கிற வயசாடி இது?" என்று முதலில் சிரித்தான். பெயிண்ட் காய்ந்ததும் 'நம்ம வண்டி' என்றான். மறுவாரம் காபிக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு 'என் வண்டி' என்றான். ரகசியம் அத்தோடு சந்தி சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுகாதாரப் பரிசோதனை. தேறினால் உரிமமும் சாலையோரத்தில் நிற்க ஓர் இடமும் கிடைக்கும். தேறாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மூன்று நாளாக இன்ஷிராஹுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று விடிந்ததிலிருந்து நாலு தடவை கழிப்பறைக்கு ஓடினாள். அந்த நாலாவது ஓட்டத்தில்தான் வினையே வந்தது.

புது வண்டி வாங்கினால் ஆடு அறுத்து, அதன் ரத்தத்தில் உள்ளங்கையைத் தோய்த்துக் கதவில் பதிப்பது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பிறகு எந்தக் கொள்ளிக்கண்ணும் வண்டியை அண்டாது. இன்றைக்கு ஆடு விற்கிற விலையில் ஷவ்கிக்குக் கட்டுப்படியானது ஒரு வாத்து. ஆனால் ஆசை மட்டும் ஒட்டகத்துக்கு இருந்தது. அவள் கழிப்பறைக்குள் போன நேரம் பார்த்து அதை அறுத்து, இரண்டு கதவிலும் அப்பினான். அப்போதும் மனசு ஆறாமல் உள்ளே ஏறி, காய்கறி நறுக்கும் மேடைக்கு மேலே பளபளத்த எவர்சில்வர் தகட்டிலும் ஒன்று வைத்தான்.

இன்ஷிராஹ் வந்து பார்த்தாள். போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

"யோவ்! அறிவு இருக்கா உனக்கு? சமைக்கிற எடத்துல கொலை நடந்த மாதிரி பண்ணி வச்சிருக்கியே!"

"அந்த எதிர்வீட்டு கரீமா பால்கனியில நின்னு வெறிக்கறாடி. உள்ளயும் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு..."

"இங்கே என்ன நடக்குது?"

திரும்பினால், கோப்பும் கையுமாகப் பரிசோதகர் டாக்டர் நாஹித். பத்து மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்கிறார். உலகத்தில் இப்படியும் ஓர் அதிகாரி!

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இது ரத்தமா?"

"ஈரல் வண்டில ரத்தம் இல்லாம பன்னீரா இருக்கும், டாக்டர்?" என்றான் ஷவ்கி. "முறையா அறுத்த வாத்து. எழுதிக்குங்க, நம்ம வண்டி சுத்தம்."

"உரிமம் கேட்டது இன்ஷிராஹ்னு போட்டிருக்கு. நீங்க யாரு?"

"அவ புருஷன். சும்மா பேருக்குத்தான் அவ பேரு."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவர் ஒரு கோடு இழுத்தால் பத்தொன்பது வருஷச் சேமிப்பு வாசலில் மஞ்சள் தகரமாக நிற்கும்.

"டாக்டரம்மா, வண்டி என்னோடது. பேருக்கும் என்னோடது, ஊருக்கும் என்னோடது," என்றாள் இன்ஷிராஹ். "நீங்க சொன்ன நேரத்துக்கு இன்னும் கால் மணி இருக்கு. அதுக்குள்ள தொடைச்சுடறேன். பத்து மணிக்குப் பாருங்க. அப்பவும் பிடிக்கலேன்னா எழுதிட்டுப் போங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

இன்ஷிராஹ் கையைச் சுருட்டிவிட்டு ஏறினாள். ஷவ்கி பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு கெண்டித் தண்ணீரோடு வந்தான்.

"சுடுதண்ணியா? ரத்தக்கறை வெந்து அப்படியே பிடிச்சுக்கும்யா! பச்சத்தண்ணி கொண்டா. அப்புறம் சோப்பு. சுடுதண்ணி கடைசியில."

டாக்டரின் புருவம் லேசாக ஏறியது. இன்ஷிராஹ் குளிர்ந்த நீரால் கழுவி, சோப்பு தேய்த்து, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி, கொதிநீரால் அலசினாள். ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட மேடையைத் தினமும் தேய்த்த கை அது. அதற்குப் பயம் தெரியாது. பத்து மணிக்குத் தகட்டில் டாக்டரின் முகம் மூக்குக்கண்ணாடியோடு தெரிந்தது.

விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மூன்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கதவுல இருக்கறது?" என்று ஷவ்கி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டான்.

"கதவுல யாரும் சமைக்கப் போறதில்லையே," என்றார் டாக்டர். போகிறபோக்கில் கரீமாவின் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். "அது இருக்கட்டும்."

அவர் தெருமுனை திரும்பியதும் இன்ஷிராஹ் ஈரல் வாங்கி வைத்திருந்த பேசினை எடுத்தாள். அடியில் தேங்கியிருந்த ரத்தத்தில் வலதுகையை முக்கி, கதவில் இருந்த ஷவ்கியின் தடத்துக்கு மேலேயே பச்சென்று அப்பினாள்.

"அடியே, அது என் கை!"

"தெரியும்."

சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு பசித்தது.

"டிரைவர், வண்டிய எடு," என்றாள்.