நாகலிங்கத்தாருக்கு ஏழு லேயர்

ஒரு கையில் பிளேன்ரீக் கோப்பை. மறு கையால் செத்தவரின் முகத்தை வெளுத்துக்கொண்டிருக்கிறார் சிவரூபன். முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் கழுத்து. கழுத்தை மறந்துவிட்டால் தலை வேறு ஆளுடையதுபோல் தெரியும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் முப்பத்தோராம் நாள் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் அங்கிருந்துதான் போகின்றன. இந்தப் பக்கத்தில் கறுப்பாய் வாழ்ந்தவர்கள் ஏராளம். சிவரூபன் கடை திறந்த பிறகு கறுப்பாய்ச் செத்தவர் எவருமில்லை.

“மூலப் படத்திலை நான் கை வைக்கிறேல்லை” என்று பெருமையடிப்பார். அது உண்மைதான். போட்டோசொப்பில் வெளிச்சம், நிறம் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனி லேயராகப் படத்தின்மேல் போடுவார், நிறக் கண்ணாடிகளை அடுக்குவதுபோல. ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும் ஒரு கண் படம் இருக்கும். அந்தக் கண்ணை மூடினால் அந்தத் திருத்தம் மறையும். கீழே ஆள் இருந்தபடியே இருப்பார். மற்றவர்கள் லேயர்களுக்கு இலக்கம் போடுவார்கள். சிவரூபன் திருத்தம் கேட்டவரின் ஊரைப் போடுவார். பின்னால் சண்டை வந்தால் யார் சொல்லிச் செய்தது என்று காட்டவேண்டாமா?

போன மாசியில் வெங்காயம் செய்கிற நாகலிங்கம் காலமானார். அவருக்கென்று இருந்தது ஒரே படம். தோட்டத்தில் எடுத்தது. தலையில் துவாய், வெயிலுக்குச் சுருக்கிய கண், வாய் நிறையச் சிரிப்பு. கனடாவில் இருக்கும் மகன் தனோஜன் அதை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

“அண்ணை, அப்பாவைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிடுங்கோ. உந்தத் துவாயை எடுத்துப்போட்டு ஒரு கோட்டும் போடுங்கோ.”

“ஓம் தம்பி.” ‘கனடா வெளிச்சம்’, ‘கனடா கோட்டு’.

அடுத்து லண்டனிலிருந்து மகள் அருந்ததி. “அப்பான்ரை கண் களைச்சுப்போய்க் கிடக்கு. முகத்திலை கொஞ்சம் ரோஸ் வந்தால் நல்லம்.”

“ஓம் தங்கச்சி.” ‘லண்டன் கண்’, ‘லண்டன் ரோஸ்’.

தனோஜனுக்கு ரோஸ் பிடிக்கவில்லை, பொன்னிறம் கேட்டார். அருந்ததிக்குப் பொன்னிறம் மஞ்சட்காமாலைபோல் இருந்தது. மத்தியானத்துக்குள் லேயர் ஏழாகிவிட்டது. ஏழுக்கும் சிவரூபன் ஓம் சொன்னார். ஒருவருக்கு அவர் ‘ஏலாது’ என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

உறவினர் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் செத்தவீட்டில் இன்னொரு சாவு விழும் என்பதால், அச்சடிக்குமுன் மடிக்கணினியை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுவது அவர் வழக்கம். நாகலிங்கத்தாரின் மனைவி பத்மாசினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் சரி. பிறகு படத்தைப் பார்த்தார்.

“தம்பி, உவர் ஆர்?”

“ஐயாதான் அம்மா.”

“எந்த ஐயா?”

சிவரூபன் மடிக்கணினிக்குக் கிட்டக் குனிந்தார். “உதெல்லாம் மேலை கிடக்கிறது அம்மா. கீழை ஆள் அப்பிடியே இருக்கிறார்” என்று சொல்லி, லேயர்களின் கண்களை ஒவ்வொன்றாக மூடினார். பொன்னிறம் போனது. ரோஸ் போனது. கோட்டுக் கழன்று துவாய் திரும்பி வந்தது. கடைசியாகக் கனடா வெளிச்சம் அணைந்ததும், வெயிலில் கறுத்த மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்.

பத்மாசினி திரையை விரலால் தொட்டார். “உவர்தான். உப்பிடியே அடியுங்கோ.”

“ஓம் அம்மா.”

வாசல் படலையைத் தாண்டுமுன் தொலைபேசி அடித்தது, தனோஜன். “அண்ணை, நான் சொன்னமாதிரித்தானே அடிக்கிறியள்? செத்தவீட்டை நேரலையிலை இஞ்சை எல்லாரும் பாப்பினம்.”

“ஓம் தம்பி.”

அன்று பின்னேரம் படலையருகே எட்டடிப் பதாகை ஏறியது. ரோஸ் நிறமும் பொன்னிறமும் கலந்த கோட்டுக்காரர் ஒருவர் அதில் நின்றார். நாகலிங்கத்தாரோடு முப்பது வருடம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிய நமசிவாயம் சைக்கிளில் வந்து இறங்கி, பதாகையைப் பார்த்தார். “பிழையான செத்தவீட்டுக்கு வந்திட்டன் போலை” என்று சைக்கிளைத் திருப்பினார். பெயரை வாசித்துக் காட்டித்தான் அவரை உள்ளே அனுப்பவேண்டியிருந்தது. வாசலுக்கு வந்த பத்மாசினி பதாகையைப் பார்த்தார், சிவரூபனைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் மனுசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, உடலைப் பதப்படுத்திச் சோடிக்கிற மலர்ச்சாலைக்காரர்கள் நாகலிங்கத்தாரைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். பதாகைப் படம் கனடா வழியாக அவர்களுக்கும் போயிருந்தது. முகமெல்லாம் பவுடர், கன்னத்தில் ரோஸ், கோட்டும் குறையில்லை. பத்மாசினி ஈரத்துணியோடு பெட்டியின்மேல் குனிந்து, தன் பக்கக் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்பு மெல்ல வெளியே வந்தது. பிறகு நிமிர்ந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற சிவரூபனிடம் துணியை நீட்டினார்.

“அங்காலை எனக்கு எட்டேல்லை. நீங்கள் துடையுங்கோ.”

சிவரூபன் துணியை வாங்கினார். நேரலைக் கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை கவனித்தார். அது மாலையோடு வந்தவர்களைப் பிடிக்க வாசலுக்குத் திரும்பியிருந்தது. சட்டென்று குனிந்து, செத்தவரின் மற்றக் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினார்.